எக்ஸெலுக்கு நேரம் சரியில்லை!

கே: எட்டரை மணி நேர வேலை, மணிக்கு 100 ரூபாய். பெருக்கினால் எக்ஸெல் 35 ரூபாய் 42 காசு என்கிறது. முதலாளியின் சதியா? (டைம் ஆபீஸ் குமாஸ்தா, திருப்பூர்)

ப: முதலாளி நிரபராதி. எக்ஸெலுக்கு ஒரு முழு நாள்தான் 1. எட்டரை மணி அதில் 0.354 சொச்சம். 24-ஆலும் பெருக்குங்கள், 850 வரும். முதலாளி பார்ப்பதற்குள் செய்யுங்கள். 35 அவருக்குப் பிடித்துப்போகலாம்.

கே: வாரம் முழுக்க 45 மணி நேரம் உழைத்தேன். கூட்டினால் 21:00!

ப: 24-ஐத் தாண்டியதும் ஒரு நாளை விழுங்கிவிடும். ஃபார்மேட்டில் 'எச்' எழுத்தைச் சதுர அடைப்புக்குள் தள்ளுங்கள். உள்ளே வைத்தால்தான் உண்மையைக் கக்கும்.

கே: 930 என்று அடித்தால் 9:30 ஆக ஒரு மேக்ரோ?

ப: 100-ஆல் வகுத்த ஈவு மணி, மீதி நிமிடம். இரண்டையும் 'டைம்சீரியல்' வசம் ஒப்படையுங்கள். ஷீட்டின் 'சேஞ்ச்' நிகழ்வில் எழுதுவதானால், செல்லைத் தொடுமுன் 'எனேபிள்ஈவன்ட்ஸ்'ஐ அணைக்கவும். இல்லையேல் மேக்ரோ செல்லை மாற்றும், மாற்றம் மேக்ரோவை எழுப்பும், எக்ஸெல் மூர்ச்சையாகும். முடிந்ததும் திரும்பப் போட மறக்காதீர்! இன்னொன்று: கை தவறி 975 அடித்தால் திட்டாது, மரியாதையாக 10:15 ஆக்கிவிடும். அதுதான் வில்லங்கம்.

கே: வி.பி.ஏ.வின் 'ஃபார்மேட்'டில் நிமிடத்துக்கு ஏன் 'என்'?

ப: 'எம்' சீட்டில் மாதம் முதலிலேயே துண்டு போட்டுவிட்டது.

கே: 1900-ல் பிப்ரவரி 29 உண்டா?

ப: பூமியில் இல்லை. எக்ஸெலில் உண்டு, வரிசை எண் 60. லோட்டஸ் 1-2-3 செய்த பிழை. அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே தத்தெடுத்தது.

கே: இரவு 10-க்கு வந்து காலை 6-க்குப் போகிறேன். கழித்தால் செல் முழுக்க வேலி! (நைட் ஷிஃப்ட், ஓசூர்)

ப: மைனஸ் நேரத்தைக் காட்ட அதற்குத் தெரியாது. ஷீட்டில் 'மாட்' போட்டு 1-ஆல் வகுத்த மீதியை எடுங்கள், 8 மணி நேரம் சுத்தமாக வரும். அதே தைரியத்தில் மேக்ரோவுக்குள் 'மாட்' போட்டால் பூஜ்யம்தான். அங்கே அது பின்னத்தை மதிக்காது. பேசாமல் 1 கூட்டிவிடுங்கள்.

கே: மேக்ரோ ஓட்டியது தப்பாகிவிட்டது. கன்ட்ரோல் இசட்?

ப: கேட்காது. காப்பி எடுத்து வைத்தீரா? இல்லையா? ஓட்டுப் போட்டவனுக்காவது ஐந்து வருஷத்தில் மறுவாய்ப்பு உண்டு!