கணக்குமூடல்: ஒரு பாடபேத ஆய்வு

1. முன்னுரை

பயணச்சீட்டு விற்கும் இணையதளத்தில் கணக்குத் தொடங்குவது எப்படி என்று எவரும் ஆராய்வதில்லை, தேவையும் இல்லை. கைபேசி எண்ணைத் தட்டினால் ஓ.டி.பி. வரும், அதைத் தட்டினால் கணக்கு பிறந்துவிடும். அதை மூடுவது குறித்துத் தமிழில் விரிவான ஆய்வு நிகழாதது பெருங்குறை. 'அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை' என்று இந்த இடத்தில் எழுதுவது மரபு. மரபை மீறும் துணிவு எனக்கில்லை.

ஆய்வுக்களம்: ஊர் பேர் சொல்லாத ஒரு தளத்தில் எனக்கிருந்த கணக்கு. ஆய்வுக்காலம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி தொடங்கி மதியச் சோறு ஆறும்வரை.

2. சொல்லாராய்ச்சி

'கணக்குமூடல்' என்பதைக் 'கணக்கை மூடல்' என விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'கணக்கு' எழுவாய் எனக் கொண்டால் கணக்கு தானே மூடிக்கொள்ளும் என்றாகும். அதற்குக் கல்வெட்டுச் சான்றில்லை. 'கணக்கால் மூடல்' என மூன்றாம் வேற்றுமையாக்கி, 'கணக்கினால் ஒருவனது வாய் மூடப்படுதல்' எனப் பொருள் உரைப்பார் என் மைத்துனர் (மொட்டைமாடிப் பேருரை, கொசு வருமுன்).

முடக்கல் வேறு, நீக்கல் வேறு. முடக்கினால் விவரங்கள் அப்படியே உறங்கும், நீக்கினால்தான் அழியும். செயலியைக் கைபேசியிலிருந்து தூக்கிவிடுவது இரண்டிலும் சேராது. அது வீட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, வீட்டை விற்றுவிட்டேன் என்பது போல.

3. மூடுமுன் செய்வன

இவை அறுவகை. ஐந்தென்று சொன்னால் ஐந்திணையோடு பொருத்தி யாராவது முனைவர் பட்டம் வாங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் ஆறாக்கினேன்.

அ. பயணம்: போகவேண்டிய பயணம் முடிந்து, ரத்துசெய்த சீட்டின் பணமும் வங்கிக்கு வந்து சேர்ந்த பின்பே மூடுக.

ஆ. பணப்பை: தளத்தின் பணப்பையில் கிடப்பதைச் செலவழித்துவிடுக, அல்லது திருப்பிக் கேட்டுப் பெறுக. பயணப் புள்ளிகள் பெரும்பாலும் கணக்கோடு உடன்கட்டை ஏறும். என் பணப்பையில் 37 ரூபாய் இருந்தது. அதைக் கொண்டு எந்த ஊருக்கும் போக முடியாது. விட்டுவிடவும் மனம் வராது.

இ. ரசீது: பழைய சீட்டுகளையும் ரசீதுகளையும் இறக்கி வைத்துக்கொள்க. அலுவலகத்தில் பயணப்படி கேட்கும்போது, மூடிய கணக்கு சாட்சி சொல்ல வராது.

ஈ. அட்டை: ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் அட்டையின் முழு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, டோக்கன்தான் இருக்கும். அதையும் நீக்குக. மாதாமாதம் பணம் பிடிக்கும் ஆட்டோபே இருந்தால் அதை யு.பி.ஐ. செயலியிலோ வங்கியிலோ தனியே நிறுத்துக.

உ. உடன்பயணிகள்: பெயர், வயது, சிலருக்குப் பாஸ்போர்ட் எண் வரை இப்பட்டியலில் இருக்கும். என்னுடையதில் ஒன்பது பேர். இருவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. சித்திக்கு அங்கே இன்னும் 52 வயது. சித்தியிடம் இதைச் சொன்னபோது அந்தக் கணக்கை மட்டும் மூடவே கூடாது என்றார்.

ஊ. கூகுள்: அதன் வழியாக நுழைந்தவர்கள் கூகுள் கணக்கிலும் அத்தொடர்பை அறுக்க.

புறனடை: ஆறில் அடங்காததால் இங்கே வைக்கப்பட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வருவதை அழைக்கக் கூடாது. போலி எண்களை விதைத்துவிட்டுக் காத்திருப்போர் உண்டு. தளத்துக்குள் இருக்கும் எண்ணையே நம்புக. ஓ.டி.பி.யை எவரிடமும் வாய்விட்டுச் சொல்லற்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930.

4. 'வருந்துகிறோம்'

மேற்கண்டவை அற்பம். பெருஞ்சிக்கல் இனிமேல்தான். 'கணக்கை நீக்கு' என்பதைத் தொட்டதும் திரையில் ஒரு தொடர் தோன்றுகிறது. எனக்குக் கிடைத்த படிகள் மூன்று.

என் கைபேசிப் படி: 'நீங்கள் செல்வதற்கு வருந்துகிறோம்.'

மைத்துனர் படி: 'நீங்கள் செல்வதற்க்கு வருந்துகிறோம்.' இங்கு ஒரு 'க்' மிகை. பிழை என்பார் உளர்; வட்டார வழக்கு என்றால் இன்னொரு கட்டுரைக்கு இடமிருக்கும்.

அக்கா படி: 'நீங்கள் செல்வதற்கு வரு–துகிறோம்.' கைபேசி அம்மிமேல் விழுந்ததால் கண்ணாடியில் விரிசல், ஓரெழுத்து சிதைவு. அன்று ஏட்டைச் செல் அரித்தது. இன்று செல்லை அம்மி அரித்தது.

மூன்றில் அக்கா படியே தொன்மையானது என்பது என் துணிபு. காரணம், அதில்தான் ஓரெழுத்து தெரியவில்லை. தெரியாத இடத்தில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். ஆய்வுலகின் அரிய கண்டுபிடிப்புகள் சில இப்படித்தான் அரியவை ஆயின.

இனி எழுவாய். 'வருந்துகிறோம்' தன்மைப் பன்மை வினைமுற்று, எழுவாய் தோன்றவில்லை. அது 'நாங்களா', 'நாமா'?

'நாங்கள்' என்பது ஒரு கட்சி. அப்படியானால் அந்த நாங்கள் யார்? இரவு இரண்டு மணிக்குத் தொட்டாலும் அதே வருத்தம், அதே நீல எழுத்து. விழித்திருந்து வருந்தும் ஆள் ஒருவரும் அகப்படவில்லை.

'நாம்' என்பது உளப்பாட்டுக் கட்சி. முன்னிலையாரையும் உளப்படுத்தி, 'நீயும் சேர்ந்துதான் வருந்துகிறாய்' என்று பொருள்கொள்வர். இதற்குச் சான்று வலுவானது. நான்காம் திரையில் 'காரணம் என்ன' என்று கேட்டு, ஆறாம் திரையில் 200 ரூபாய் தள்ளுபடி காட்டி, எட்டாம் திரையில் மீண்டும் ஓ.டி.பி. கேட்கும்போது வாடிக்கையாளர் மெய்யாகவே வருந்திக்கொண்டிருக்கிறார் (அக்கா, அடுக்களை விருத்தியுரை, இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, மூன்றாம் விசிலுக்குப் பிற்பட்ட பகுதி கிடைத்திலது).

ஒன்பதாம் திரையில் இரண்டு பொத்தான்கள். 'இருக்கிறேன்' என்பது உள்ளங்கை அகலம். 'போகிறேன்' என்பது சாம்பல் நிறத்தில், வெயிலில் காய்ந்த கோலம்போல. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்றே சொல்லிப் பழகிய கை, 'போகிறேன்' என்பதன்மேல் எளிதில் படியாது. வடிவமைத்தவர் நம் பண்பாட்டை ஆழ்ந்து கற்றவராக இருக்க வேண்டும். கற்றதைப் பயன்படுத்தியவர் என்ற வகையில் நம் அறிஞர் பலரினும் ஒருபடி மேல்.

இரு கட்சியையும் மறுத்து மூன்றாம் பொருள் தந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர்: "அவங்க எதுக்கு சார் வருத்தப்படணும்? நம்மள வருத்தப்பட வைக்கத்தான் அத்தனை ஸ்க்ரீன்!" (சைதாப்பேட்டைப் பாலத்து நெரிசலுரை, சிவப்பு விளக்குக் காண்டம், பச்சை விழுமளவும், மீட்டருக்கு மேல் கேட்ட இருபது ரூபாய் பற்றிய இடைச்செருகல் நீங்கலாக.)

அக்கணமே அக்கா படியின் சிதைந்த எழுத்து துலங்கியது. அது 'ந்' அன்று, 'த்'. வருந்துதல் தன்வினை, வருத்துதல் பிறவினை. மூலபாடம் 'நீங்கள் செல்வதற்கு வருத்துகிறோம்' என்பதே. 'வருந்துகிறோம்' என்பது ஏடெழுதுவோர் பிழை.

5. சட்டச் சான்று

மெய்ப்பாடு எட்டு என்று நிறுத்திக்கொண்டது தொல்காப்பியம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளோ 'டார்க் பேட்டர்ன்' என்னும் ஏமாற்று வடிவமைப்புகளைப் பதின்மூன்றாக வகுக்கின்றன. வாடிக்கையாளரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குதல், நச்சரித்தல், சந்தாவிலிருந்து வெளியேற வழியில்லாமல் சிக்கவைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு வரி, நான்காம் இயலில் நான் செய்த ஆராய்ச்சி முழுவதையும் தேவையற்றதாக்குகிறது. எனவே விரிக்காமல் கடக்கிறேன்.

ஒன்று மட்டும்: நீக்கினாலும் எல்லாம் அழியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை, ஆண்டறிக்கை தரவேண்டிய நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். நீங்கள் மறந்த பயணத்தை ரசீது நினைவில் வைத்திருக்கும்.

6. முடிவுரை

நீக்கக் கோரியதும் 30 நாள் காத்திருப்பு என்று மின்னஞ்சல் வந்தது. சேமித்து வைத்தேன். இருபத்தொன்பதாம் நாள் இக்கட்டுரையின் மெய்ப்புத் திருத்தும்போது ஓர் ஐயம்: என் படியில் இருந்தது 'ந்' தானா? மூலத்தைச் சரிபார்க்காமல் அச்சுக்குத் தருவது ஆய்வு நெறியாகுமா? கணக்குக்குள் நுழைந்து பார்த்தேன்.

'ந்' தான். கீழே இன்னொரு தொடர்: 'மீண்டும் வருக! உங்கள் நீக்கக் கோரிக்கை ரத்துசெய்யப்பட்டது.'

சித்திக்கு மறுபடி 52. வாசகர்களுக்கு ஒன்றே ஒன்று: காத்திருப்பு நாள்களில் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.