மாப்பிள்ளை வாங்கிய பூட்டு

வாய்யா மாப்ளே, உக்காரு. புது வீட்டுக்குப் பூட்டு வாங்கியிருக்கியாமே, குடு பார்ப்போம். அடேங்கப்பா! முக்கால் கிலோ தேறும் போலிருக்கே. வர்றவன் இதையும் சேர்த்துல்ல தூக்கிட்டுப் போய் எடைக்குப் போட்டுருவான்.

சரி, கதவைக் காட்டு. கொண்டி என்னய்யா, அப்பளமாட்டம் வளையுது? நாலே நாலு ஸ்க்ரூ, அதுவும் அரை இஞ்சு. பூட்டின பிறகும் தலையை வெளியே நீட்டிக்கிட்டு வழியில போறவனைப் பார்த்துச் சிரிக்குது. ஒரு திருப்புளி போதும். பூட்டு பூட்டினபடியே தொங்கும், கதவு மட்டும் திறந்து கெடக்கும். காலையில நீயும், ‘பூட்டுல ஒரு கீறல்கூட இல்லை மாமா’ன்னு பெருமையா வந்து சொல்லுவ.

என்னது, சாவியே போடாம அமுக்கினாப் பூட்டிக்கிடுமா? சவுகரியம்தான். உள்ளே ஸ்பிரிங் வச்ச நாக்கு ஒண்ணு இருக்கு. நீ அமுக்கையில விலகி, வளையத்துல இருக்கிற வெட்டுல போய் உக்காருது. கூல்டிரிங்க்ஸ் டப்பாத் தகரத்தை நறுக்கி வளையத்தோரமா ஒருத்தன் விட்டாலும் அதே மாதிரி விலகும். வீட்டுக்காரன் யாரு, விருந்தாளி யாருன்னு அதுக்கு என்ன தெரியும், பாவம்! நாக்குக்குப் பதிலா இரும்புக் குண்டு வச்ச பூட்டுல இந்தத் தகரம் செல்லாது. விலையைக் கேட்டதும் கீழே வச்சிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை.

உள்ள பின்னுங்க ஆளுக்கொரு உயரத்துல நின்னு உருளையைத் திரும்பவிடாம மறிக்கும். சரியான சாவி போனா அத்தனையும் ஒரே மட்டத்துக்கு வரும். மலிவுப் பூட்டுல எல்லாமே லொடலொட. ஒரு கம்பியால லேசா முறுக்கிப் பிடிச்சு இன்னொரு கம்பியால கிளறினா, ஒவ்வொண்ணா மாட்டிக்கிடும். போன வருசம் நான் சாவியைத் தொலைச்சப்போ, பஸ் ஸ்டாண்டு சாவிக்காரர் என் டீ ஆறுறதுக்குள்ள திறந்துட்டார். பூட்டு நூத்தம்பது, கூலி இருநூறு.

அதைவிடக் கூத்து, மலிவுச் சாவிக்கு வெட்டு தினுசே கொஞ்சந்தான். எங்க பங்காளி மோட்டார் ரூம் பூட்டு என் மாட்டுக்கொட்டகைச் சாவிக்குத் திறந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்தான். தண்ணியில்லாத வருசம் பாரு, மறந்துட்டேன். ரெண்டு கோடை மறந்தேன்.

இந்தா இருக்கு திண்டுக்கல்லு. 2019-லயே புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. லீவரைக் கையால ராவிச் சேர்க்கிற பட்டறை இன்னும் இருக்கு. மாங்காய்ப் பூட்டுன்னு கேட்டா எடுத்து வைப்பாங்க. நீ பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்க. பொண்ணு பார்க்கப் போனப்பவும் அப்படித்தான், நல்லவேளை அது எங்க வீட்டுப் பொண்ணு.

அந்தப் பட்டறைப் பெரியவர் ஒருத்தர் சொன்ன கதை: லண்டன்ல பிராமா கம்பெனிக்காரன் ஒரு தொங்கு பூட்டைக் கடை ஜன்னல்ல வச்சு, கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறவனுக்கு 200 கினின்னு எழுதிப் போட்டிருந்தானாம். 1851-ல அமெரிக்காக்காரன் ஹாப்ஸ் வந்து, 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் குடைஞ்சு திறந்தே போட்டான். நம்ம தெருவுக்கு வர்றவனுக்கு அத்தனை பொறுமை ஏது? பின்பக்கத்துல ரெண்டு ஓட்டைப் பிரிச்சு இறங்கிருவான்.

ஆமா, பூட்டோட ரெண்டு சாவி குடுத்திருப்பானே, இன்னொண்ணு எங்க? பத்திரமாத்தான் வச்சிருக்கியா? இந்தா, பிடி. வாசல்ல செம்பருத்தித் தொட்டிக்கு அடியில கெடந்துச்சு. ஈரமா இருக்கு, துடைச்சுக்க.