கதை கட்டுமுன்: வீட்டுக்காரருக்குச் சில யோசனைகள்

போலீசிடம் சொல்ல நல்ல கதை ஒன்று தயாரா? சபாஷ். அக்கம்பக்கத்தாரைச் சரிக்கட்டினால் போதும் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது முதலில் வீட்டுச் சாமான்களோடு ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து எலிங்டன்காரர் ஒருவர் அப்படி ஒத்திகை பார்க்கவில்லை. 2015 டிசம்பர் 23 காலை முகமூடிக்காரன் ஒருவன் வீட்டுக்குள் புகுந்து, மனைவியைச் சுட்டுவிட்டு, தன்னை நாற்காலியில் கட்டிப்போட்டான் என்றார். அவர் கணக்கில் அது ஒன்பது மணி வாக்கு. மனைவி அணிந்திருந்த, காலடி எண்ணும் ஃபிட்பிட் கருவியோ 10.05 வரை அவர் நடமாடியதாகச் சொன்னது. கணவர் கதைப்படி காரிலிருந்து இறங்கி வந்தவர் 125 அடிக்கு மேல் நடந்திருக்க வழியில்லை. கருவி காட்டியது 1,217 அடி. 2022-ல் தீர்ப்பு: 65 ஆண்டு சிறை. ஆகவே மணிக்கணக்கே வேண்டாம். ‘வெயில் ஏறுறதுக்குள்ளங்க’ என்று சொல்லி வையுங்கள்.

தீ விபத்துக் கதை என்றால் நெஞ்சையும் கலந்தாலோசியுங்கள். ஒஹையோவில் ஒருவர், 2016-ல் வீடு பற்றி எரிந்தபோது அவசரமாகப் பெட்டி கட்டி, ஜன்னல் வழியே வீசி, தப்பி ஓடியதாகச் சொன்னார். போலீஸ் அவருடைய பேஸ்மேக்கர் பதிவை வாங்கி இதய மருத்துவரிடம் காட்டியது. இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு ஓட்டமா, நம்பும்படி இல்லையே என்றார் மருத்துவர். வழக்கு முடியுமுன் அந்த மனிதர் காலமாகிவிட்டார்.

பேசும் ஸ்பீக்கரைக் கண்டுதான் பலருக்கும் உதறல். அனாவசியம். ஆர்கன்சா மாநிலம் பென்டன்வில்லில், 2015 நவம்பரில், ஒரு வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் வீட்டுக்காரரின் நண்பர் இறந்துகிடந்தார். அங்கிருந்த எக்கோ என்ற பேசும் ஸ்பீக்கரின் பதிவைக் கேட்டுப் போலீஸ் அமேசானோடு மல்லுக்கட்டியது. கடைசியில் வீட்டுக்காரரே ‘தாராளமாகக் கொடுங்கள்’ என்றுவிட்டார். அவரை உண்மையில் படுத்தியது, யாரும் சீந்தாத தண்ணீர் மீட்டர். நள்ளிரவு தாண்டி, ஒன்று முதல் மூன்று மணிக்குள் 140 கேலன், அதாவது 500 லிட்டருக்கு மேல் ஓடியதாம். ரத்தம் கழுவத்தான் என்றது போலீஸ். மீட்டரின் கடிகாரமே தப்பு, அது பகலில் தொட்டி நிரப்பிய தண்ணீர் என்றார் வக்கீல். 2017 நவம்பரில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

எனவே நிரபராதிகள் இன்றே மீட்டர் கடிகாரத்தைச் சரிபார்க்கவும். மற்றவர்கள் அதில் கைவைக்க வேண்டாம். வக்கீலுக்குப் பேச ஏதாவது வேண்டுமல்லவா?