சொன்னதைச் சொல்லாமை: உக்குவளைக் கிளியொன்றின் வாய்மொழி மரபு

'சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை' என்பது தமிழில் இன்னும் சோதிக்கப்படாத கருதுகோள். மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளைத் திட்டுவதற்கு அது நெடுங்காலமாக உதவி வருகிறது. ஆனால் ஒரு கிளியிடம் எதையாவது சொல்லிவிட்டு, அது திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்த எவரும் இப்படியொரு பழமொழியை உண்டாக்கியிருக்க மாட்டார்கள். உக்குவளையில், பஸ் போகும் தெருவோரம் உள்ள எங்கள் வீட்டில் நடந்துவரும் இந்த ஆய்வு அக்குறையைத் தீர்க்க முனைகிறது.

ஆய்வுக்களம் சாதாரணமானதல்ல. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை 1880 முதல் இவ்வூர் வழியாகத்தான் போகிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 1976இல் உக்குவளை மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அத்தனை பொறியியலாளர்கள் வந்துபோன ஊரில் கிளியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது வருந்தத்தக்கது. மாத்தளை மாவட்டத்துக்கோ வாய்மொழி விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. வாய்மொழியாக ஓதிவந்த திரிபிடகத்தைக் கிமு முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிவைத்தது மாத்தளைக்கு வடக்கேயுள்ள அலுவிகாரையில்தான் என்பது மரபு. வாயை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அந்தப் பிக்குகளுக்குத் தோன்றியதற்கு வரலாற்றாசிரியர்கள் பஞ்சம், போர் என்று காரணம் காட்டுகிறார்கள். வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஐயம்.

இனி ஆய்வுப் பொருள். குஞ்சாக வந்தபோது மீனாட்சி என்று பெயர் வைத்தோம். மூன்று வயதளவில் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஆரம் விழுந்தது. இந்த இனத்தில் ஆரம் ஆணுக்கு மட்டுமே உரியது. பெயரை மாற்றலாமா என்று கேட்டதற்கு அப்பாயி, "கூப்புட்டுப் பழகிருச்சி, விடுங்க" என்று தீர்ப்பளித்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று அமைந்த கால்விரல்களாலும், மேலலகையும் தனியே அசைக்க முடிவதாலும், கூட்டின் கொக்கி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. விரலைக் கடிக்கும் பழக்கத்தை நிறுத்தக் கொச்சிக்காய் தடவிய விரலை நீட்டிப் பார்த்தோம். காரம் நம்மைச் சுடுவதுபோல் பறவைகளைச் சுடுவதில்லை என்று பிறகுதான் படித்தோம். அதற்குள் மீனாட்சி தினமும் அந்த விரலை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது.

முந்தைய புலமை கிளி விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சங்கக் குறிஞ்சிப் பெண்கள் தினைப்புனத்தில் தட்டை, குளிர் முதலான கருவிகளை வைத்துக்கொண்டு கிளியை விரட்டினார்கள். இவர்கள் அனுபவசாலிகள். பின்னால் வந்த புலவர்கள் அதே பறவையைத் தூது அனுப்பினார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் 'அழகர் கிள்ளைவிடு தூது' தமிழில் உண்டு. சிங்களத்தில் 15ஆம் நூற்றாண்டின் 'கிரா சந்தேசய' தொட்டகமுவே ராகுல தேரருக்குக் கிளி வழியே செய்தி விடுத்தது. இரண்டு மொழிக்காரர்களும் ஒற்றுமையாக ஏமாந்த இடம் இது. செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதை நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது.

நாங்கள் சொல்லிக்கொடுத்தவை 'வணக்கம்', 'வாங்க, உக்காருங்க' ஆகிய இரண்டு மட்டுமே. காலையும் மாலையும், பழம் காட்டியும் காட்டாமலும் சொன்னோம். இன்றுவரை அது அவற்றை உச்சரித்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காதவற்றின் பட்டியலோ வேறுவிதமாக இருக்கிறது. அது குக்கர் விசிலடிக்கிறது. அதை எண்ணி அடுப்பை அணைத்ததால் பருப்பு பல நாள் வேகவில்லை. பஸ் கொண்டக்டர் 'சரி' என்று டிரைவருக்குச் சிங்களத்தில் கொடுக்கும் "ஹரி, ஹரி!" சத்தத்தையும் பிடித்துக்கொண்டது. வாசலில் நிற்கும் பஸ்கள் கொண்டக்டர் ஏறுமுன் புறப்படுகின்றன. அப்பாயி மட்டும் கிளிக்குப் பெருமாள் பக்தி வந்துவிட்டதாகச் சொல்லிக் கும்பிடுகிறார். அவரிடம் யாரும் விளக்கப் போகவில்லை.

எல்லாவற்றிலும் கடுமையானது சூன் பாண் விவகாரம். பாண் விற்கும் ஆட்டோக்கள் தெருத்தெருவாக ஒலிக்கவிடும் அந்த மெட்டு பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலிஸ்'. முதல் சில சுரங்களை மீனாட்சி பிசகாமல் விசிலடிக்கும். பக்கத்து வீட்டு அக்கா காசோடு வெளியே வருவார், தெரு வெறுமையாக இருக்கும், எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நாளில் தெருவே அந்த மெட்டை நம்புவதை நிறுத்திவிட்டது. உண்மையான பாண்காரர் வந்தபோது ஒரு கதவும் திறக்கவில்லை. தன் பாதையில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று அவர் வண்டியை நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் முற்றத்திலிருந்து பீத்தோவன் தொடங்கினார். அன்று மிஞ்சிய மாலுபாண் முழுவதையும் நாங்களே வாங்கினோம்.

இதற்கு விளக்கம் அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பர்க் 1977இல் சிகாகோக் கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் இறப்பதற்குள் நூறு சொற்கள் அளவில் கற்றது. அதன் முன்னே அமர்ந்து அவர் பாடம் நடத்தவில்லை. இரண்டு பேர் ஒரு பொருளைக் காட்டித் தங்களுக்குள் கேட்டும் பதில் சொல்லியும் பேசிக்கொள்வார்கள்; பார்த்துக்கொண்டிருக்கும் கிளி அந்தப் பேச்சில் தானும் புக முயலும். அதாவது கிளி மாணவன் அல்ல, ஒட்டுக்கேட்பவன். எந்தச் சத்தத்துக்கு மனிதர்கள் உண்மையிலேயே எழுந்து ஓடுகிறார்கள் என்று பார்த்து, அதையே அது பொறுக்கிக்கொள்கிறது. எங்கள் வணக்கத்துக்கு யாரும் எழுந்து ஓடியதில்லை.

இக்கோட்பாட்டை உறுதிசெய்யும் சான்று தைப்பொங்கலன்று கிடைத்தது. பெரியப்பா குடும்பத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கி, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்த நேரம், மீனாட்சி தெளிவான தமிழில், "வந்துருச்சு பார் பட்டாளம்!" என்றது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இது யார் குரல் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். குரல் ஒப்பீடு எளிதாகவே செய்திருக்கலாம். ஆனால் பழம், பருப்பு, கூடு உட்பட ஆய்வுக்கான முழு நிதியையும் வழங்கிவருபவர் என் மனைவி. அந்தப் பகுதியை மட்டும் வெளியிட வேண்டாம் என்று அவர் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.