குல்லாத் துண்டியல்

குளித்து முடித்த குழந்தையைப் போர்த்துவதும், ஒரு புறம் குல்லா உடையதும், கடையில் விலை கேட்டதும் திரும்ப மடித்து வைக்கப்படுவதுமாகிய துணி குல்லாத் துண்டு எனப்படும். மூன்றாம் இலக்கணம் காரணமாகவே அது வீடுகளில் தைக்கப்படுகிறது என்க.

குல்லா எதற்கு என்பதில் இரு கட்சி உண்டு. முதற்கட்சியார் வெப்பவாதிகள். ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துப் போகும். கைக்குழந்தையின் உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலை. பெரியவர்க்கோ அது பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே தலையை மூடினால் சளி பிடிக்காது என்பர். முதல் மூன்றும் மெய். முடிவுதான் இடறுகிறது. சளி வைரஸால் வருவது. அதற்குக் குல்லா ஒரு தடை அன்று. வீட்டில் மூத்த வெப்பவாதி இருந்தால் இதைச் சாப்பாடு முடிந்த பிறகு சொல்வது நலம்.

மறுகட்சியார் வேட்டிவாதிகள். வருஷக்கணக்கில் துவைத்து மெத்தென்று ஆன தாத்தா வேட்டியின் ஒரு கிழிசல் போதும். நன்றாக ஈரம் உறிஞ்சும், மதியத்துக்குள் காய்ந்துவிடும், காசும் இல்லை. துவட்டியபின் சாம்பிராணி காட்டத் தலை திறந்திருக்கவும் வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. இதற்கு மறுப்பு இல்லை. விலக்கு மட்டும் ஒன்று உண்டு. காலை நீட்டி உட்கார்ந்தவரின் காலில் கிடக்கும் குழந்தைக்கே அது பொருந்தும். ஓடும் குழந்தைக்குப் பொருந்தாது.

எமது துணிபு வேறு. குல்லா தலைக்காக ஏற்பட்டது அன்று, துண்டுக்காக ஏற்பட்டது.

அஃதேல், தோளில் போர்த்தினால் துண்டு நில்லாதோ எனின், நில்லாது. பெரியவர் இடுப்பில் சுற்றிச் செருகிக்கொள்வார். இரண்டு வயதுக்காரருக்குச் செருகத்தக்க இடுப்பு கிடையாது. தொப்பை முடியும் இடத்திலிருந்து எல்லாம் வழுக்குநிலம். தோளும் சரிவு. எஞ்சுவது தலை. பிறக்கும்போது உடல் நீளத்தில் கால் பங்கு அது. வளர்ந்தபின் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். இரண்டு வயதில் அதன் சுற்றளவு சுமார் 48 செ.மீ. துண்டு மாட்டுவதற்கென்றே இயற்கை அடித்துவைத்த முளை அது. குல்லாவை மாட்டிவிட்டால் குழந்தை கூடத்தைக் கடந்து, சோபாவைச் சுற்றி, மாமியார் பூஜை செய்யும் இடம்வரை போனாலும் துண்டும் கூடவே போகும்.

இத்துணிபை ஏற்றால் தையல் விதிகள் தாமே பெறப்படும். 70க்கு 140 செ.மீ. டர்க்கி டவல் ஒன்று, சதுர மீட்டருக்கு 450 கிராம் கனத்தில், காய்ந்த நிலையிலேயே 440 கிராம் இருக்கும். ஈரம் ஏறினால் இன்னும் கனக்கும். அவ்வளவும் குல்லாவின் தையலில் தொங்குகிறது. எனவே இரட்டைத் தையல் கட்டாயம்; 16ஆம் நம்பர் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம். சட்டைத் துணிக்குப் போடும் மெல்லிய ஊசியால் நாலு மடிப்பைத் தைக்கப் போனால் ஊசி முறியும், தைப்பவர் பொறுமை அதற்கு முன்பே முறியும்.

டர்க்கித் துணியின் குணம் கண்ணிகளில் உள்ளது. இரண்டு பாவு: ஒன்றை இறுக்கியும் ஒன்றைத் தளர்த்தியும் நெய்ய, தளர்ந்தது சுருண்டு கண்ணியாக எழும்பும். துருக்கியின் பர்சாவில் பார்த்த இந்த வேலைப்பாட்டை இங்கிலாந்தின் கிறிஸ்டி குடும்பத்தார் ஆலைத்தறிக்குக் கொண்டுவந்து, 1851இல் லண்டன் மாக்கண்காட்சியில் வைத்தார்கள். அந்தக் கண்ணிகள் நீரையும் பிடிக்கும், தையல் மெஷினின் காலையும் பிடிக்கும். மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். வெட்டிய ஓரம் பஞ்சாய் உதிரும். வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றித் துடைக்காதவர் அடுத்த ஜாக்கெட்டைத் தைக்கும்போது அதை நினைத்துக்கொள்வார்.

தைக்கும் முன் பெரிய துண்டையும் குல்லாவுக்கான கைத்துண்டையும் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி சுருங்கும், இரண்டும் ஒரே அளவில் சுருங்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

அமைப்பில் மூலைநெறி, நடுநெறி என இரண்டு. சதுரத் துணியின் மூலையில் முக்கோணம் வைப்பது மூலைநெறி, கைக்குழந்தைக்குரியது. நடக்கிறவர்க்கு நடுநெறியே தகும். கைத்துண்டு ஒன்றின் நீளத்தை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிய இரு பக்கங்களில் பின்பக்கத்தை மட்டும் தைத்துக் குல்லாவாக்க வேண்டும். முகம் வரும் விளிம்பை நான்கு விரல் அகலம் வெளியே மடித்துக்கொள்ளலாம். பிறகு அதைப் பெரிய துண்டின் நீளவாட்டில், சரியாக நடுவில் வைத்துப் பொருத்த வேண்டும். கூரிய உச்சி வேண்டாதவர் அந்த மூலையை வளைத்துத் தைப்பர். அங்கே மிஞ்சும் துணியை வெட்டுவதா, உள்ளே விடுவதா என்பதில் தையற்காரர் ஒருமிக்கார். வெட்டினால் குல்லா அழகாக விழும். விட்டால் தடித்து, கடைசிவரை காயாமல் முடை நாற்றம் வீசும். குல்லாவை உள்வெளியாகத் திருப்பி வெயிலில் போடுகிறவர்க்கு அந்தக் குறை இல்லை.

யாம் விடுவதையே கொள்வோம். காரணம் சிக்கனம். உடல் நீளத்தில் தலையின் பங்கு குறைந்துகொண்டே வரும்; ஐந்தாறு வயதில் பிள்ளை அப்பாவைப் பார்த்து இடுப்பில் செருகப் பழகிவிடும். அன்று தையலைப் பிரித்தால் முழுதாய் ஒரு குளியல் துண்டும் ஒரு கைத்துண்டும் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும். உச்சியில் முயல் காது வைத்துத் தைத்தவர்கள் அந்தக் கைத்துண்டை விருந்தாளிக்கு எப்படிக் கொடுப்பது என்பது தனி ஆய்வுக்கு உரியது.