பொருந்தாப் பொருத்தம்: மேற்குச் சென்னைப் பெரியம்மாக்களும் இந்திக் காதல் படங்களும் – ஓர் ஆய்வு

திருமுல்லைவாயிலில் குடியிருக்கும் என் பெரியம்மா, தன் அண்ணன் மகனுக்கு வந்த ஏழு வரன்களைத் தட்டிக்கழித்தவர். ஒன்றில் ரஜ்ஜு தட்டியது. ஒன்றில் பெண் வீட்டார் சாம்பாரில் வெல்லம் போட்டார்கள். மற்றவற்றுக்கு அவர் தந்த காரணம், "ஏதோ இடிக்குது". அதே பெரியம்மா, ‘ஜப் வி மெட்’ படத்தில் கரீனா கபூர் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடும்போது சோபாவின் நுனிக்கு நகர்ந்து, "சீக்கிரம் போடி, தாத்தா முழிச்சுக்கப் போறாரு" என்று டிவிக்கு யோசனை சொன்னார். இந்த முரணை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி. தகவலாளிகள் மூவர். முதலாமவர் மேற்படி பெரியம்மா. இரண்டாமவர் அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் அண்ணி. மூன்றாமவர் பூந்தமல்லி மாமா, ஒவ்வொரு படத்திலும் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். அவருடைய குறட்டையும் தரவாகவே கொள்ளப்பட்டது.

பொருந்தா ஜோடிகளை ஆராய இந்த வட்டாரத்தைவிடத் தோதான இடம் இல்லை. 1955 ஜனவரியில் நடந்த ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான், பண்ணையார்களும் ஆலை முதலாளிகளும் நிறைந்த ஒரு கட்சி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தைக் கைப்பிடித்தது. கல்யாணம் ஜோராக நடந்தது. குடித்தனம் எப்படி நடந்தது என்பது வேறு துறையினர் வேலை. பத்தாண்டு கழித்து, இதே ஊர் டாங்கித் தொழிற்சாலையிலிருந்து இங்கிலாந்தின் விக்கர்ஸ் வழிவந்த விஜயந்தா வெளியே உருண்டது. பின்னர் ரஷ்யாவின் டி-72, அஜேயா என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே வீட்டுக்கு வாழ வந்தது. இரண்டு சம்பந்தத்துக்கும் யாரும் ஜாதகம் கேட்டதாகத் தகவல் இல்லை. தொழிற்சாலைக் குடியிருப்பு, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று ஆவடியில் இந்தி பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஷிஃப்டுக்கு இறங்கும் கூட்டத்தில் காதை நீட்டினால் போஜ்புரியும் ஒடியாவும் விழும். ஆக, இந்திப் படம் இங்கே வெளிநாட்டுச் சரக்கு அல்ல; பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை.

இனி இலக்கணம். தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளையாக முன்னாலும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணையாகப் பின்னாலும் நிறுத்தினார். நடுவில் உள்ள ஐந்தில் நான்குக்கு மலை, காடு, வயல், கடல் என்று ஆளுக்கொரு மனை ஒதுக்கியவர், பெருந்திணைக்கு ஒரு சென்ட் நிலம்கூடத் தரவில்லை. நிலமில்லாத இந்தத் திணை நெடுங்காலம் அலைந்து, கடைசியில் பதிண்டா, ஹரித்வார், பரேலி போன்ற ஊர்களில் பட்டா வாங்கிவிட்டது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. 2015இல் வந்த ‘தம் லகா கே ஹைஷா’வை எடுத்துக்கொள்வோம். பத்தாவது தேறாத கேசட் கடைப் பையன், பி.எட். படித்த பருமனான பெண், கட்டாயக் கல்யாணம். பையன் கட்டிலில் முறுக்கிக்கொண்டு படுப்பது பெருந்திணை; அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பந்தயத்தில் ஓடும்போது குறிஞ்சி. இரண்டு மணி நேரத்துக்குள் திணை மாற்றம். நச்சினார்க்கினியர் பார்த்திருந்தால் தனி உரையே எழுதியிருப்பார்.

ஈர்ப்புக்குக் காரணம் மொழி என்பார் உளர். அது பொருந்தாது. பெரியம்மா தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்தியமா, ராஷ்ட்ரபாஷா மூன்றையும் தாண்டி, பிரவேசிகாவில் இடறி விழுந்தவர். ‘இது பேனா, அது நாற்காலி’ என்று இன்றும் பிழையில்லாமல் சொல்வார். கரீனா கபூரோ படம் முழுக்கப் பேனாவைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் வாயே திறக்கவில்லை. அண்ணிக்குத் தெரிந்த இந்தி ‘அச்சா’ ஒன்றுதான். அழ வேண்டிய இடத்தில் அவர்தான் முதலில் அழுதார். புரியாமை இரசனைக்குத் தடை அல்ல என்பதற்கு முன்சான்றும் உண்டு: தமிழ்ப் பையன், தெலுங்குப் பெண் கதையான பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ (1978), டப்பிங் செய்யப்படாமலே சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

பாட்டுதான் காரணம் என்ற வாதத்தை மாமாவின் குறட்டை முறியடித்தது.

மெய்யான காரணம் ஒரு தற்செயலான சோதனையில் அகப்பட்டது. 2007இன் ‘ஜப் வி மெட்’, 2009இல் தமிழில் ‘கண்டேன் காதலை’ ஆனது. அதே கதை. பேசியே கொல்லும் பெண், வாயைத் திறக்காத பணக்காரப் பையன், தவறவிட்ட ரயில். பதிண்டா போய்த் தேனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பெரியம்மா கேட்டார்:

"தேனின்னா, எந்தப் பக்கம்?"

"அது சினிமா, பெரியம்மா."

"சினிமாதான்டா. அந்த வீடு, அந்த மீசை… என்ன ஆளுங்க அவங்க?"

முடிச்சு அங்கே அவிழ்ந்தது. தலைவன் தலைவிக்கு அமைய வேண்டிய ஒப்புகள் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பத்து சொல்கிறார். அவற்றில் முதலாவது பிறப்பு, இரண்டாவது குடிமை. அன்பும் அருளும் அறிவும் அதற்குப் பிற்பாடுதான் வரிசையில் நிற்கின்றன. தமிழ்ப் படத்தில் ஒருவன் வாயைத் திறந்தால் போதும். ‘ஏலே’யில் ஜில்லா, கும்பிடுகிற சாமியில் வம்சம், குழம்பில் குலம் என்று எங்கள் பெரியம்மாக்கள் முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதிவிடுவார்கள். அப்புறம் விசாரணைதான், இரசனை ஏது? இந்திப் படத்திலோ கீத் தில்லான், ஆதித்ய காஷ்யப் என்கிறார்கள். தில்லான் யார், காஷ்யப் யார், இருவருக்கும் நடுவில் எத்தனை சுவர், திருமுல்லைவாயிலுக்குத் தெரியாது. கேள்வித்தாளில் முதலிரண்டு கேள்விகள் அழிந்துபோகின்றன. மீதி எட்டில் பையனும் பெண்ணும் தாராளமாகப் பாஸ். பஞ்சாபிலோ உத்தரப்பிரதேசத்திலோ அதே படத்தை ஒரு பெரியம்மா பார்த்து, "தில்லான்னா எந்தப் பக்கம்?" என்று கேட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதிலிருந்து பெறப்படும் தூர விதி: பொருந்தா ஜோடிக்குக் கிடைக்கும் ஆசீர்வாதம், அந்த ஜோடி பார்ப்பவர் வாசலிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதற்கு நேர்விகிதத்தில் அமையும். பதிண்டா, இரண்டாயிரத்துக்கு மேல்: கைதட்டல். தேனி, சுமார் 500: குறுக்கு விசாரணை. கொரட்டூர்: "அவங்க அம்மா பாவம்." அதே தெரு: கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பேச்சு.

எதிர்த்திசையிலும் விதி பிசகுவதில்லை. இந்திக்காரர் நம்மை ஜோடியில் சேர்த்தால் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். உடனே ரோஷம் வரும். ‘படோசன்’ (1968) படத்தில் சாய்ரா பானுவுக்கு ஆசைப்படும் பாட்டு வாத்தியாராக மெஹ்மூத் குடுமியோடு வந்தார், தோற்றுப்போவதற்கென்றே. ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013) வந்தபோது அண்ணி படத்தைப் பார்க்கவில்லை. தீபிகா படுகோன் பேசிய தமிழைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘2 ஸ்டேட்ஸ்’ (2014) படத்தில் ரேவதி மயிலாப்பூர் அம்மாவாக வந்ததால் மட்டும் கொஞ்சம் சமாதானம் ஆனார்.

நாம் நம் ஜோடிகளுக்குச் செய்த கொடுமையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பாலசந்தர் ‘மரோ சரித்ரா’வை இந்திக்குக் கொண்டுபோய் 1981இல் ‘ஏக் தூஜே கே லியே’ எடுத்தார். தமிழ்ப் பையன் கமல், வடக்கத்திப் பெண் ரதி அக்னிஹோத்ரி, அத்தனை பாட்டு, அத்தனை கோவாக் கடற்கரை. முடிவில் இருவரும் பிணம். நம் கைக்கு வரும் பொருந்தா ஜோடியை நாம் உயிரோடு விடுவது அபூர்வம்; மலையோ கடலோ அருவாளோ தயாராக இருக்கும். ஆனால் மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. ஓடிப்போன பணக்காரப் பெண்ணும் பத்திரிகைக்காரனும் சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் ‘சோரி சோரி’ (1956), ராஜ் கபூரும் நர்கீஸும் நடித்த அந்தக் கலகலப்பான இந்திப் படம், நம் ஏவி.எம். தயாரிப்பு. வடக்கே அனுப்பத்தான் நமக்கு உயிரோடு இருக்கும் ஜோடி செய்யத் தெரிந்திருக்கிறது.

துணைக் கண்டுபிடிப்பு ஒன்று. கீத் ரத்லாமில் ரயிலை விட்டதால்தான் காதல் பிறந்தது. ராத்திரி முழுக்கப் பேச நேரம், தங்க ‘ஹோட்டல் டீசன்ட்’. அண்ணனூரில் ஒருத்தி ரயிலை விட்டால் கால் மணியில் அடுத்த யூனிட் வந்துவிடும். அதற்குள் பெயரைக் கேட்கலாம். மனத்தைப் பறிகொடுக்க நேரம் போதாது. மேற்குப் புறநகரில் காதல் குறைவாக இருப்பதற்கு ரயில்வேதான் பொறுப்பு என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைப் பெரியம்மாவின் சொந்த மகன் கெடுத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தினமும் அதே யூனிட், அதே பெட்டி. பெண்ணின் அப்பா ஜபல்பூர் தொழிற்சாலையிலிருந்து மாற்றலில் ஆவடிக்கு வந்தவர். அவள் பிறந்து வளர்ந்தது ஆவடியில்தான், "இன்னாத்துக்கு ஆன்ட்டி டென்ஷன் ஆவுறீங்க?" என்று பெரியம்மாவிடமே கேட்டாளாம். இங்கே தூர விதி தடுமாறுகிறது. ஜபல்பூரிலிருந்து அளப்பதா, ஆவடியிலிருந்து அளப்பதா?

இரண்டு நாள் பெரியம்மா யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"டேய், அந்தப் பொண்ணு வீட்டுப் பேரு என்னவோ சொல்றாங்க, வாயில நுழையல. நீ படிச்சவனாச்சே. அந்தப் பேருன்னா அங்க என்ன ஆளுங்கன்னு நெட்டுல பாத்து சொல்லு. பொண்ணு என்னவோ நல்லாத்தான் இருக்குது."

தரவில் ஆய்வாளன் கை வைக்கக் கூடாது என்பது நெறி.

"நெட் ஸ்லோவா இருக்கு, பெரியம்மா" என்றேன்.

மூன்று வாரமாக அது ஸ்லோவாகத்தான் இருக்கிறது.