லேப்டாப்பை நம்பி மதுரைக்குப் போவது எப்படி?

கிளம்புகிற அன்று லேப்டாப்பை வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். ரயிலில்தான் பிளக் பாயின்ட் இருக்கிறதே, வீட்டுக் கரன்ட்டை எதற்கு வீணாக்குவானேன்? பாண்டியன் எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த் எடுங்கள். பாயின்ட் கீழே இருக்கும். அதில் யாருடைய செல்போனோ தொங்கும். கெஞ்சிக் கூத்தாடி அதைக் கழற்ற வைத்து உங்கள் சார்ஜரைச் செருகுவதற்குள் மணி 11 ஆகிவிடும். தீ விபத்துக்குப் பயந்து, இரவு 11 முதல் காலை 5 வரை அந்தப் பாயின்ட்டுகளுக்குக் கரன்ட் தரக் கூடாது என்பது ரயில்வே உத்தரவு. அது திரும்பி வருகிற நேரத்துக்கு ஏறக்குறைய மதுரையே வந்துவிடும்.

லாட்ஜில் கதவோரப் பொந்தில் கீ கார்டைச் செருகினால்தான் விளக்கு எரியும். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, பொறுப்பாகக் கார்டை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிபனுக்குப் போங்கள். பொங்கல், வடை, காபி என்று நிதானமாக முடித்து வந்து பார்த்தால் அதே 9 சதவீதம். (பல லாட்ஜ்களில் அந்தப் பொந்தில் பழைய விசிட்டிங் கார்டைச் செருகினாலும் கரன்ட் வரும். விசிட்டிங் கார்டால் இந்தக் காலத்தில் வேறு உபயோகம் இருப்பதாகத் தெரியவில்லை.)

எக்செல், பவர்பாயின்ட் எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் மட்டும் வையுங்கள். கிளையன்ட் ஆபீஸின் மீட்டிங் ரூமில் டவர் கிடைக்காது. புரொஜெக்டர் விஜிஏ கேபிளோடு காத்திருக்கும். உங்கள் லேப்டாப்பில் டைப்-சி தவிர வேறு ஓட்டை கிடையாது. கன்வர்ட்டர் சென்னையில், மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. இந்த நேரம் பார்த்து 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீல வட்டம் சுற்றுவதையாவது எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

"அதெல்லாம் எதுக்கு சார்? கொட்டேஷன் பிரின்ட் அவுட் இருந்தா குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார் கிளையன்ட்.

கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஓடுங்கள். பென்டிரைவை நீட்டினால் கடைக்காரப் பையன் தொடக்கூட மாட்டான். "வேணாம்ண்ணே, வைரஸ் வருது. வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க."

உங்கள் மேனேஜர் நேற்றே குரூப்பில் போட்ட பிடிஎஃப் செல்போனில் இருக்கும். அதை அனுப்புங்கள். கலர் வேண்டாம், பிளாக் அண்ட் ஒயிட் போதும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அக்கவுன்ட்ஸில் காசு பெயராது.